பரிசுக்கு நிபந்தனை வேண்டாம்

கேள்வி: எங்கள் மகனுக்கு 4 வயது. கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையாகவே வருவார் என்று நம்புகிறான். “சேட்டை செய்தால் தாத்தா பரிசு தரமாட்டார்” என்று சொல்லித்தான் என் மனைவி அவனை அடக்குகிறாள். வேறு சபைக்குப் போகும் என் அண்ணனோ, டிசம்பர் 25 வேதத்திலேயே இல்லை, கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே தவறு என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இயேசு பிறந்த தேதியை நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை என்பது உண்மை. ரோமாபுரியில் டிசம்பர் 25 அன்று இத்திருநாள் அனுசரிக்கப்பட்டதற்கான சான்று 4ஆம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கிறது. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸையே தடை செய்தது. அதற்குக் காரணமாயிருந்த பியூரிட்டன்கள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களும் வேதத்தை நேசித்தவர்கள்தான். ஆனால் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்கிறான் என்று ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதிவிட்ட பிறகு, இதை வைத்து அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க இடமில்லை. கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதிராக எரேமியா 10ஆம் அதிகாரத்தை அவர் எடுத்துக் காட்டினால், அங்கே கண்டிக்கப்படுவது மரத்தைச் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூட்டி, வணங்குவதற்காக நிறுத்தும் விக்கிரகமே என்பதை அவரோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மனைவி சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான். நல்ல பிள்ளையாக இருந்தால் பரிசு, இல்லாவிட்டால் இல்லை என்பது கிறிஸ்துமஸ் செய்திக்கு நேர் எதிரானது. தகுதி பார்த்து அனுப்பப்பட்டவரல்ல இயேசு. நாம் பாவிகளாயிருக்கையிலேயே நமக்குக் கொடுக்கப்பட்டவர் என்றுதான் ஞாயிறுதோறும் கேட்கிறோம். ஆலயத்தில் கிருபையைப் பற்றிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதே திருநாளின் பெயரால் பிள்ளையிடம் பேரம் பேசுவது எப்படிப் பொருந்தும்? சேட்டை செய்தால் கண்டியுங்கள். கண்டிக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அந்தக் கண்டிப்புக்குள் பரிசை இழுக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெத்லகேமில் குழந்தை பிறந்ததும் மேய்ப்பர்கள் ஓடிவந்ததும் உண்மை என்று நீங்கள் சொல்லும் அதே வாயால் தாத்தா ராத்திரியில் வருவார் என்பதையும் உண்மையாகச் சொன்னால், சில ஆண்டுகளில் ஒன்று கட்டுக்கதை என்று தெரியவரும்போது, மற்றதையும் அவன் சந்தேகிக்க மாட்டான் என்பதற்கு என்ன உறுதி? தாத்தாவை வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லை. கேரல் குழுவோடு முகமூடி போட்டு ஆடி வருபவரைக் கண்டு பல குழந்தைகள் அலறி அம்மாவின் சேலைக்குள் ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது, “உள்ளே நம்ம சபை அண்ணன்தான் இருக்கிறார்” என்று சொல்லி, அவரை முகமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பயமும் போகும், பொய்யும் வேண்டியிருக்காது. இன்றைய துருக்கியிலுள்ள மீறா பட்டணத்தில் 4ஆம் நூற்றாண்டில் நிக்கொலாஸ் என்றொரு ஆயர் இருந்தார், ஏழைகளுக்கு யாரும் அறியாமல் உதவினார் என்று சபை மரபு சொல்கிறது, அவர் நினைவிலிருந்து வளர்ந்தவர்தான் இந்தத் தாத்தா என்ற கதையே 4 வயதுக்குப் போதும்.

இனி கொண்டாட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் குடிலுக்கு ஒவ்வொரு பொம்மையாக அவனையே வைக்கச் சொல்லுங்கள். ஆடுமாடு, மேய்ப்பர், யோசேப்பு, மரியாள் என்று வந்து, 24ஆம் தேதி இரவில் குழந்தை. தொட்டி காலியாகவே இருப்பதைப் பார்த்து அவன் கேட்கும் கேள்விகளுக்கு லூக்கா 2ஆம் அதிகாரத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்; மாடு தீனி தின்னும் இடத்தில் பாப்பாவைப் படுக்க வைத்தார்கள் என்பது எந்தக் குழந்தைக்கும் மறக்காது. விடியற்கால ஆராதனையில் அவன் தூங்கிப்போனால் தூங்கட்டும். முந்திரிக்கொத்தும் அதிரசமும் வைத்த தட்டை, தீபாவளிக்கு உங்களுக்குப் பலகாரம் தந்த வீடுகளுக்கு அவன் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பரிசை அப்பாவும் அம்மாவும் வாங்கினோம் என்று சொல்லியே கொடுங்கள். முந்தின நாள் அவன் எவ்வளவு சேட்டை செய்திருந்தாலும் கொடுங்கள்.

அண்ணன் வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்புங்கள். அவர் மறுத்தால் வருத்தப்படாதீர்கள். பிள்ளை காதில் விழும்படி அதைப் பற்றி விவாதிக்கவும் வேண்டாம்.