போரைக் கேட்டால் மாட்டைச் சொல்கிறார்

கேள்வி: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இங்கே நூறு வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆயுள் முழுக்க மாட்டுப் பண்ணை நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில் ரெஜைனா ரைஃபிள்ஸ் படைப்பிரிவோடு பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியவர். என்னிடம் கலகலப்பாகப் பேசுவார் என்பதால், அவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மகள் கேட்டிருக்கிறார். நவம்பர் 11, போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளுக்குள் போர் அனுபவம் வேண்டுமாம். ஆனால் பெரியவர் போரைக் கேட்டால் மாட்டைச் சொல்கிறார். நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். எல்லாம் கன்றுக்குட்டியும் வேலிக்கம்பியும்தான். ஒரே ஒரு நாள், "அந்த ஊர் மாடுகளுக்கு மடி கட்டிப்போயிருந்தது, ராத்திரியெல்லாம் கத்தும்" என்றார். உடனே தன் கிடாரிக் கதைக்குப் போய்விட்டார். இவரை எப்படித்தான் போருக்குள் இழுத்து வருவது?
— ஒரு வாசகி, சஸ்காச்சுவான்

பதில்: அன்புச் சகோதரி, கிடாரிக்கு முன்னால் அவர் சொன்ன அந்த ஒற்றை வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "அந்த ஊர்" எந்த ஊர்? அவர் போருக்குள் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். நீங்கள் அதை மாட்டுக் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

நார்மண்டி பால்மாட்டுச் சீமை. வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போனது. 1944 ஜூன் 6 அன்று கனடியர்கள் இறங்கிய பகுதிக்கு ஜூனோ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரெஜைனா ரைஃபிள்ஸ் கரையேறியது கூர்செல் என்ற கடலோர ஊரில். அதன்பின் வாரக்கணக்கில் சண்டை நடந்தது மேய்ச்சல் நிலத்திலும் பழத்தோட்டத்திலும்தான். குண்டடிபட்ட மாடுகள் வயிறு ஊதி, கால்கள் விறைத்து வயலெங்கும் கிடந்தன. அந்த நாற்றத்தைக் கடைசிவரை மறக்காத வீரர்கள் பலர். பிழைத்து நின்ற பசுக்களைக் கறக்க ஆள் கிடையாது. வீட்டுக்காரர்கள் ஓடியிருப்பார்கள், இல்லையென்றால் நிலவறையில் ஒளிந்திருப்பார்கள். இரண்டு வேளை கறக்காமல் விட்டால் பசு என்ன பாடுபடும் என்று கும்பகோணம் பக்கத்துப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையில் வளர்ந்த இருபது வயதுப் பையனுக்கும் தெரிந்திருக்கும். பதுங்குகுழியில் அவன், வேலிக்கு அப்பால் கத்துகிற பசு, எழுந்தால் சுட்டுவிடுவார்கள். இப்படி நான் ஊகிக்கிறேன். நீங்கள் ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.

கேட்கும் விதம் இருக்கிறது. நிருபராக இருந்த புதிதில், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவரிடம் "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. அவர் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு பஸ் பிடித்தேன். பெரிய கேள்விக்குப் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. "அந்தப் பசுக்கள் என்ன நிறம்? உங்கள் ஊர் மாட்டைவிடப் பெரிதா?" என்று தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. கரையேறியதிலிருந்து 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிகிறவரை கணக்குப் பார்த்தால் பதினோரு மாதம். நூறு வருடத்தில் பதினோரு மாதம்! மற்றதெல்லாம் முன்கதை பின்கதையா? அந்த நாற்பது பக்கத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அவற்றோடு சில வருடங்களைச் சேர்த்துப் பிடித்தால் போதும்.

1937 ஒன்று. சஸ்காச்சுவானில் அதைப்போல ஒரு வறட்சி வருடம் இல்லை. அப்போது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். புல் இல்லாமல், காற்றில் உருண்டோடும் முட்செடியைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து மாட்டுக்குப் போட்ட காலம். பெட்ரோலுக்குக் காசில்லாதவர்கள் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டினார்கள். அதற்குச் சற்று முன்வரை பிரதமராக இருந்த பென்னட்டின் பெயரை அந்த வண்டிக்கு வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தத் தலைமுறைப் பையன்களுக்கு ராணுவத்தில் கொடுத்த நாள் சம்பளம் 1 டாலர் 30 சென்ட். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்காமல், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது 1952. அந்த பிப்ரவரியில் மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்கு அருகே கோமாரி நோய் உறுதியானது. கனடிய மாடுகளுக்கு அமெரிக்கா எல்லையை மூடியது. திறக்க ஒரு வருடம் ஆனது. நோய் கண்ட மந்தைகளைக் கொன்று குழியில் தள்ளிப் புதைத்தார்கள். போரிலிருந்து வந்து ஏழே வருடம், மறுபடியும் செத்த மாடுகள். அது அவருடைய பண்ணையைத் தொட்டதா, பக்கத்துப் பண்ணையோடு நின்றதா என்று மெதுவாகக் கேளுங்கள். பிறகு அவர் எண்பதை நெருங்கும்போது, 2003 மே மாதம், ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு பசுவுக்குப் பைத்தியப் பசு நோய் என்று தெரிந்ததும் எல்லை மறுபடி மூடப்பட்டது. அன்று வானொலிப் பெட்டியைப் பார்த்து அவர் என்ன திட்டினார் என்று மகளுக்கே ஞாபகம் இருக்கலாம்.

கன்று ஈனும் கதைகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அங்கே பல பண்ணைகளில் பனி உருகும் முன்பே ஈற்றுக்காலம் தொடங்கிவிடும். மைனஸ் முப்பதில் ஈரக் கன்று விழுந்து, தாய் நக்கி உலர்த்தத் தாமதமானால் காது நுனி உறைந்து, பிறகு உதிர்ந்துபோகும். மந்தையில் குட்டைக்காது மாடு நின்றால் அது பிறந்த இரவு எப்படிப்பட்டது என்று பண்ணைக்காரர் சொல்லிவிடுவார். விறைத்த கன்றை டிரக்கில் போட்டு வந்து, குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டுச் சூடாக்கி, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் இறக்கியாக வேண்டும். அந்த இரவுகளில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? மனைவியின் பெயர் அப்படித்தான் வெளியே வரும். உங்கள் கடிதத்தில் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

நிலத்தின் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நிலம் 160 ஏக்கர் கொண்ட கால் சதுர மைல் துண்டுகளாக அளக்கப்பட்டு, எண்ணால் அறியப்படும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். போரிலிருந்து திரும்பியவர்கள் நிலம் வாங்கக் கடன் கொடுக்க 1942இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி வாங்கியதா, அப்பாவிடமிருந்து வந்ததா என்பதும் தெரிய வேண்டும்.

எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார் என்பதற்காக அவரைக் குடையாதீர்கள். படைக்குறிப்பேடு ஒட்டாவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அவர் கையெழுத்திட்டால் மகள் விண்ணப்பிக்கலாம். பதில் வரத் தாமதமாகும், நவம்பர் 11 தாண்டினாலும் தாண்டும். அதை மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்னால், எழுதுவதில் பெரியவருக்குச் சம்மதமா என்று அவரிடமே கேளுங்கள்; இதுவரை மகள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இல்லத்து மேலாளருக்கும் தெரிந்திருக்கட்டும். பேசிய இரவு அவர் தூங்காவிட்டால் நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கிடாரிக் கதையிலேயே இருங்கள்.

அந்தக் கத்திய பசுக்களில் ஒன்றையாவது அவர் போய்க் கறந்தாரா? தெரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.