நஞ்சைப் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

“விஷத்தோடு புழங்கும் வேலை என் பெண்ணுக்கு எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகள் நச்சியலில் எதைப் படிக்கப் போகிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உடலுக்குள் நஞ்சு எப்படி நுழைகிறது? அந்தப் படிப்பின் அடித்தளமே இந்தக் கேள்விதான். ஒவ்வொரு செல்லையும் 10 நானோமீட்டர்கூட இல்லாத மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது கொழுப்பாலான ஈரடுக்கு. கொழுப்பில் கரையும் பொருள் அதில் எளிதாக ஊடுருவிவிடும். மின்னூட்டம் பெற்றது வெளியே நின்றுவிடும். ஈயமோ, சத்துகளுக்காக உடல் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகவே நுழைந்துவிடுகிறது.

இந்த அறிவு உயிர் காக்கிறது. ஆஸ்பிரின் அளவு மீறி உடலில் சேர்ந்துவிட்டால், மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் செலுத்திச் சிறுநீரைக் காரமாக்குவார்கள். அப்போது, ஆஸ்பிரினிலிருந்து உடலில் உருவாகிச் சிறுநீரகக் குழாய்க்கு வந்த சாலிசிலேட் மின்னூட்டம் பெற்ற நிலையிலேயே இருக்கும். சவ்வைத் தாண்டி இரத்தத்துக்குத் திரும்ப வழியின்றிச் சிறுநீரோடு வெளியேறும். எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 1996இல் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் கையில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளிகள் சிந்தின. லேடெக்ஸ் கையுறை அணிந்திருந்தார். அதையும் தோலையும் கடந்து போன பாதரசம் மூளையைச் சிதைத்தது. மறு ஆண்டு அவர் இறந்தார். அந்தக் கையுறையை அது சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பிறகு நடந்த சோதனையில்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட சோதனைகளை விபத்துக்கு முன்பே செய்ய ஆட்கள் வேண்டும். உங்கள் மகள் அவர்களில் ஒருத்தியாகலாம்.

வேலைகள் மருந்து ஆய்வு, பூச்சிக்கொல்லிப் பாதுகாப்பு, தடயவியல், சுற்றுச்சூழல் கண்காணிப்பு எனப் பரந்திருக்கின்றன. மருந்து ஆய்வில், வளர்த்த செல் அடுக்கின் ஒரு பக்கம் மருந்தை விட்டு மறுபக்கம் எவ்வளவு வந்தது என்று அளப்பார்கள். முதலில் வேதியியல், உயிர்வேதியியல், மருந்தியல் ஆகியவற்றில் ஒன்றில் இளநிலைப் பட்டம் பெற்று, பிறகு நச்சியலுக்குப் போவது நல்லது. உயிரியல் மட்டும் போதும் என்று கணிதத்தை விட்டுவிட வேண்டாம். சவ்வைக் கடக்கும் வேகத்தைக் கணக்கிடாமல் இந்தத் துறையில் நகர முடியாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஆய்வகத்துக்கும் போங்கள். எந்த வேதிப்பொருளுக்கு எந்தக் கையுறை என்று கேளுங்கள். “எல்லாவற்றுக்கும் இதுதான்” என்று ஒரே பெட்டியைக் காட்டினால், அங்கே சேர்க்காதீர்கள்.