ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருக்கிறார்

கேள்வி: எங்கள் பகுதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒடிசாப் பெண், துணி திருடியதாகக் கைதானார். ஜாமீன் கொடுத்து ஐந்து வாரமாகியும் கோவை ஜெயிலிலேயே இருக்கிறார். இப்படிப்பட்ட பெண்களை வெளியே கொண்டுவர வக்கீல்கள் சிலர் மெனக்கெடுகிறார்கள். தப்பு செய்யாமலா பிடிப்பார்கள்? விட்டால் ரயிலேறி ஓடிவிட மாட்டாரா?
– வாசகர், பல்லடம்

பதில்: ஓடிவிடுவார் என்று ஜட்ஜ் நினைத்திருந்தால் ஜாமீனே கொடுத்திருக்க மாட்டார். அதையெல்லாம் எடைபோட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கப்புறமும் ஐந்து வாரமாக அவரை உள்ளே வைத்திருப்பது பெரும்பாலும் ஜாமீன்தார் கிடைக்காத குறைதான். தப்பு செய்தாரா இல்லையா என்பதை இன்னும் எந்தக் கோர்ட்டும் முடிவு செய்யவில்லை.

வேலை செய்யும் இடத்தில் திருடினார் என்ற வழக்குக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. 7 ஆண்டு வரையிலான வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது அவசியம் என்றால் காரணத்தை எழுதிக் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட்டும் அதைப் படித்துப் பார்த்த பிறகே ரிமாண்ட் செய்ய (காவலில் வைக்க) வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு ரிமாண்டை எதிர்க்க அந்தப் பெண்ணுக்கு வக்கீல் இருந்தாரா? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஜாமீன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ஜாமீன்தார் கேட்டிருப்பார்கள். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் சில உத்தரவுகளில் இருக்கும். லைன் வீட்டில் குடியிருப்பவருக்கு இங்கே வீட்டு வரி ரசீது உள்ள சொந்தக்காரர் எங்கிருந்து வருவார்? 1978இல் மோதிராம் வழக்கில் இதே சிக்கல் வந்தது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று தள்ளிவிட்டார் மாஜிஸ்திரேட். தமிழரோ மலையாளியோ டெல்லி சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவார் என்று கேட்டார் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில், அதாவது ஜாமீன்தார் இல்லாமல் அவரே எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், கொத்தனாரை விடச் சொன்னார். நம் பிள்ளைகளை நினைத்து அவர் கேட்ட கேள்வி, இன்று நம் ஊரில் ஒடிசாப் பெண்ணுக்கும் பொருந்துகிறது.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிமுறை வகுத்தது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாம். உள்ளூர் ஜாமீன்தாரையே கேட்பது தாமதத்துக்கு ஒரு காரணம், அப்படிக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஆனால் யாராவது போய்ச் சொல்லாமல் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போட வேண்டும். ஜாமீன்தார்களுக்குப் பதில் சொந்தப் பிணையும் சிறு ரொக்க டெபாசிட்டும் கேட்கலாம். அந்தப் பணமும் இல்லையென்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பணம் தர வழி உண்டு. கலெக்டர், எஸ்.பி. உள்ளிட்ட மாவட்டக் குழு முடிவு செய்யும். போதைப்பொருள், ஊழல், பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) வழக்குகளுக்கு அது கிடையாது.

வக்கீல் செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்பதாலேயே இலவச வக்கீல் உண்டு. காவலில் இருப்பவருக்கும் உண்டு. இலவசச் சட்ட உதவி எண்ணான 15100க்குக் கூப்பிட்டாலும் போதும்.

ஜாமீனே கிடைக்காத பெண்களும் உள்ளே இருக்கிறார்கள். திருட்டு போன்ற வழக்கில் ரிமாண்ட் ஆன 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவர்களுடைய உரிமை. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளில் அது 90 நாள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: 61ஆம் நாள் காலையில் மனு உள்ளே போகாமல், அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆயுள், மரண தண்டனை வழக்கிலும் பெண் என்பதைக் கருதி ஜாமீன் தரலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 480ஆம் பிரிவு சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆகவே மனுவில் குழந்தை, கர்ப்பம், நோய் எல்லாவற்றையும் சான்றோடு எழுத வேண்டும். ஆறு வயது வரையுள்ள குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை லைன் வீட்டில் யாரோடு இருக்கிறது என்று ஒரு வரியாவது அந்த மனுவில் இருக்க வேண்டாமா?

ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றம் இல்லாமல், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவராகவும் இருந்தால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 479ஆம் பிரிவு. இதில் பழைய வழக்குகளும் அடங்கும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண் கைதிகளைத் தனிக் கவனத்தோடு கண்டறியச் சொன்னது அதே ஆண்டு நவம்பரில். 7 ஆண்டு வழக்கில் மூன்றில் ஒரு பங்கு என்பதே 2 ஆண்டு 4 மாதம். அதுவரை காத்திருக்க வைப்பதே கொடுமை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் அந்தப் பிரிவும் உதவாது.

வேறு வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதை முதலிலேயே விசாரியுங்கள். இருந்தால் ஒன்றில் ஜாமீன் வாங்கியும் பயனில்லை, இன்னொன்றின் வாரண்ட் ஜெயிலில் காத்திருக்கும். பெயரையும் சரிபாருங்கள்: முதல் தகவல் அறிக்கையில் கணவர் பெயர், ஆதாரில் அப்பா பெயர், எழுத்தும் வேறு என்றால் ஜெயில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஜாமீன் நின்றால் வீடு போய்விடும் என்ற பயம் நம் பக்கம் நிறைய. பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு. அவர் வராமல் போனால் முதலில் நோட்டீஸ் வரும், விளக்கம் சொல்லலாம். நம்பிக்கை போய்விட்டதென்றால் எப்போது வேண்டுமானாலும் மனுப் போட்டு ஜாமீனிலிருந்து விலகலாம். ஏற்கெனவே எத்தனை பேருக்கு நின்றிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அவர்கள் காட்டும் ரசீது போலி என்று தெரிந்தால் அந்தப் பெண் மேல் இன்னொரு வழக்கு விழலாம்.

அவருடைய வக்கீலைப் பாருங்கள். வக்கீல் இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். போகும்போது வழக்கு எண்ணையும் ஜாமீன் உத்தரவு நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மனசு வந்தால் உங்கள் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, இரண்டு போட்டோவும்.