ஸ்கோபஸில் 3, ஸ்காலரில் 7: எந்த எச்-இண்டெக்ஸைக் காட்டுவது?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் கணித உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். கிராஃப் தியரியில் ஆய்வு செய்கிறேன். பதவி உயர்வுக்கு எச்-இண்டெக்ஸ் கேட்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் 7, ஸ்கோபஸில் 3 என்று இருக்கிறது. என் கட்டுரைகள் பெரும்பாலும் என் நெறியாளரோடும் அவருடைய மற்ற மாணவர்களோடும் சேர்ந்து எழுதியவை. “உங்கள் கோ-ஆதர் நெட்வொர்க் ரொம்பச் சின்னது, பணம் கட்டினால் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதும் கட்டுரையில் மூன்றாவது ஆசிரியராகச் சேர்த்து, சைட்டேஷனும் (மேற்கோள் எண்ணிக்கை) ஏற்றித் தருகிறோம்” என்று ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் இரண்டு எண்களைப் பார்த்துவிடுவோம்.

எச்-இண்டெக்ஸ் 7 என்றால், நீங்கள் எழுதியவற்றில் ஏழு கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஏழு முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸ், தான் பட்டியலில் சேர்த்திருக்கும் இதழ்களிலும் நூல்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் வரும் மேற்கோள்களை மட்டும் எண்ணுகிறது. ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, அந்தப் பட்டியலில் இல்லாத மாநாட்டுத் தொகுப்பு, யாரோ ஏற்றிவைத்த பிடிஎஃப் வரை எண்ணிவிடும். அதனால்தான் வித்தியாசம். விண்ணப்பத்தில் வெறும் எண்ணை எழுதாமல், எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் சேர்த்து இரண்டையும் எழுதுங்கள்.

ஆனால் அந்த 7 முழுக்க உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக விரியும். ஒரே இனிஷியலும் பெயரும் கொண்ட வேறொருவரின் கட்டுரை உங்கள் ஸ்காலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். உங்கள் கட்டுரைகள் ஸ்கோபஸில் இரண்டு பேருடையவையாகப் பிரிந்தும் கிடக்கலாம். பிரிந்தவற்றை ஒன்றுசேர்க்க ஸ்கோபஸுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணும் இலவசம். இந்த இரண்டு வேலைக்கும் பணம் வாங்குகிற முகவர்கள் இருக்கிறார்கள், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது அவர் ஏற்றித் தருவதாகச் சொல்லும் சைட்டேஷனுக்கு வருவோம். 2024-இல் நிக் வைஸ், ரீஸ் ரிச்சர்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லாரி என்ற பூனையின் பெயரில் போலிக் கட்டுரைகளையும், அவற்றை மேற்கோள் காட்டும் வேறு போலிக் கட்டுரைகளையும் இணையத்தில் ஏற்றினார்கள். ஸ்காலர் அந்தப் பூனைக்கு நூற்றுக்கு மேற்பட்ட மேற்கோள்களைக் கணக்கில் சேர்த்தது. இந்தச் சந்தை எவ்வளவு மலிவானது என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். உங்கள் முகவர் விற்பதும் இந்தச் சரக்குதான்.

இணையாசிரியர் இடத்தை வாங்குவது இதைவிட ஆபத்து. ஆசிரியர்களைப் புள்ளிகளாகவும், சேர்ந்து எழுதிய கட்டுரைகளைக் கோடுகளாகவும் வரைந்தால் கிடைப்பதுதான் கோ-ஆதர் நெட்வொர்க்; உங்கள் பாடமான கிராஃப் தியரிதான். நெறியாளரைச் சுற்றி நெருக்கமாக ஒரு கொத்து இருப்பது எந்த ஆய்வுக் குழுவுக்கும் இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திடீரென்று வேறு வேறு நாடுகளில், வேறு வேறு துறைகளில் இருக்கும் ஐந்து பேரோடு ஒரே ஒரு கட்டுரை, அதற்கு முன்னும் பின்னும் அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றால் அது பளிச்சென்று தெரியும். கட்டுரை விற்பவர்களைத் தேடிப் பிடிப்பவர்கள் பார்க்கும் முக்கியமான தடயங்களில் அதுவும் ஒன்று. ஹிந்தாவி பதிப்பகம் 2023-இல் மட்டும் தான் வெளியிட்ட 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைச் செல்லாது என்று அறிவித்துத் திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பப் பெறும்போது பணம் வாங்கியவர் பெயர் எங்கும் வராது. உங்கள் பெயர் அங்கேயே இருக்கும்.

இன்னொரு பொறி, இதழின் பெயரில் போலி இணையதளம். உண்மையான இதழின் பெயரையும், அதன் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் அப்படியே போட்டு வைத்திருப்பார்கள். முகவர் அனுப்பும் இணைப்பைத் தொடவே வேண்டாம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். அதில் பதிப்பகம் யார் என்று பார்த்து, பதிப்பகத்தின் தளம் வழியாக இதழுக்குப் போங்கள். ஸ்கோபஸ் சேர்ப்பதை நிறுத்திவிட்ட இதழ்களின் பட்டியலும் உண்டு, அதையும் பாருங்கள்.

கணிதத்துக்கு மட்டும் உள்ள ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நஷ்டம் அங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, இருவர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 விழுக்காடு மதிப்பெண். இருவருக்கு மேல் என்றால் முதல், முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. மற்ற அறிவியல் துறைகள் பலவற்றில் அதிகம் உழைத்தவர் பெயர் முதலில் வரும், அதனால் இந்த விதி ஏதோ ஓடிவிடுகிறது. கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் போடுவதே வழக்கம். உங்கள் பெயர் ‘வி’யில் தொடங்கினால், தேற்றம் முழுவதையும் நீங்களே நிறுவியிருந்தாலும் கடைசியில்தான் வருவீர்கள், உங்களுக்கு 30. இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் குழுக்கள் வரிசையைப் பார்த்தே மதிப்பெண் போடுகின்றன. கட்டுரையைத் திறந்து ஒரு பக்கம் படித்தால் போதும், படிக்க ஆளில்லை! இப்படி எண்ணை மட்டும் கேட்கும் குழுக்களால்தான் முகவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: அகர வரிசை வழக்கத்தை விளக்கி அமெரிக்கக் கணிதச் சங்கம் 2004-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். ஒவ்வொரு கூட்டுக் கட்டுரைக்கும் உங்கள் பங்கு என்ன என்று இணையாசிரியர்களிடம் எழுதிக் கையெழுத்து வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். இனி எழுதுவதில் பெரும்பங்கு உங்களுடையது என்றால், தொடர்பு ஆசிரியராக உங்கள் பெயரைப் போடும்படி நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கணினித் துறையினரோடு எழுதும் கட்டுரைக்கு இந்த அகர வரிசை வாதம் பொதுவாகச் செல்லாது; அங்கே பெயர் வரிசையை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், முகவரின் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். அவர் ஏதாவது கட்டுரைத் தலைப்பையோ இதழ்ப் பெயரையோ குறிப்பிட்டிருந்தால், திரைப்பதிவு எடுத்து அந்த இதழின் ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.