ரேடியோ வைத்த டாங்கிகள்

கேள்வி: 1940-ல் பிரான்ஸ் ஆறே வாரத்தில் விழுந்ததற்கு ஜெர்மன் ஜெனரல் குடேரியன்தான் காரணமா?
(வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: முக்கியமான ஆள்தான், ஆனால் அவர் ஒருத்தரே இல்லை, திட்டத்தின் மூளை இன்னொரு ஜெர்மன் ஜெனரல் மான்ஸ்டைன். முதல் உலகப் போரில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த குடேரியன், ஒவ்வொரு டாங்கியிலும் ரேடியோ வேண்டும், டாங்கிகளைக் காலாட்படைக்குத் துணையாகப் பிரித்துக் கொடுக்காமல் மொத்தமாக ஓட்ட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றுக்குக் கவசம் கனம், ஆனால் ரேடியோ கிடையாது. குடேரியன் மே 13-ல் பிரான்ஸின் செடான் நகரில் மியூஸ் ஆற்றைக் கடந்தார், 17-ல் மேலிடம் நிற்கச் சொன்னது, மேலிடத்தோடு சண்டை போட்டு 'வேவு பார்க்க' மட்டும் அனுமதி வாங்கி, தன் உத்தரவுகளை மேலிடம் ஒட்டுக்கேட்காதபடி ரேடியோவை விட்டுத் தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டே முன்னேறினார். 20-ம் தேதி இரவு அவர் படை கடற்கரையில். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் செப்டம்பரில் ஆளுநர் போன்வேன் நம்ம புதுச்சேரியை, ஜெர்மனியிடம் பணியாமல் போரைத் தொடர்ந்த பிரெஞ்சு ஜெனரல் தெகோல் பக்கம் சேர்த்தார்.

அப்புறம், குடேரியனை வெறும் போர்த்தொழில் வல்லுநராக மட்டும் பார்க்காதீர்கள். ஹிட்லர் கொடுத்த, போலந்தில் பறித்த பண்ணையை வாங்கிக்கொண்டார். 1944-ல் ஹிட்லரைக் கொல்லச் சதி செய்ததாகச் சொல்லப்பட்ட சக அதிகாரிகளை ராணுவத்திலிருந்து நீக்கித் தூக்குக்கு வழிவிட்ட 'கௌரவ' மன்றத்திலும் உட்கார்ந்தார். போருக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பழியெல்லாம் ஹிட்லர் தலையில்.