தலையிடிக்குத் தந்தது ‘மனநோய்க் குளிசை’யா?

கேள்வி: உவர்மலையில் இருக்கிறேன், வயது 34. ஆறு வருடமாக ஒற்றைத் தலையிடி. ஒரு வருடமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. சும்மா இருக்கவே அழுகை வருகிறது. டொக்டர் இரவில் போட அமிற்றிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். பாமசியில் “இது மனநோய்க்குக் குடுக்கிறது” என்றார்கள். பயத்தில் போடவில்லை. தினமும் நாலு பனடோல்தான். எனக்கு மனநோயா?

பதில்: தங்கச்சி, ஒற்றைத் தலையிடி மனநோய் இல்லை, அது மூளையிலும் நரம்பிலும் நடக்கிற வருத்தம். ஆனால் மனச்சோர்வு அதற்குப் பக்கத்து வீடு. இந்தத் தலையிடி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு; மறுபக்கமாகவும் அப்படித்தான், மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தலையிடி கூடும். எது முந்தியது என்று தேடி மினக்கெட வேண்டாம்.

அமிற்றிப்டிலின் பழைய மனச்சோர்வு மருந்துதான். ஆனால் 10 மில்லிகிராம் தலையிடியைத் தடுக்க ஆரம்பிக்கிற அளவு. வாய் காயும், காலையில் தூக்கம் அசத்தும். பலன் தெரிய ஆறு, எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். உங்கள் அழுகையை இந்த அளவு நிறுத்தாது. அதை மனநல டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த நாலு பனடோலில்தான். மாதத்தில் 15 நாளோ கூடவோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் பனடோலே தலையிடியைக் கொண்டுவரும். கடதாசியில் சுற்றித் தருகிற கலவைக் குளிசை இன்னும் மோசம். அதற்குள் எர்கொட்டமினோ கோடீனோ (கடுமையான தலையிடி, வலி மருந்துகள்) இருந்தால் மாதத்தில் 10 நாளே போதும். “கச்சான் காத்துக்குத்தான் இடிக்குது, இதைப் போடுங்கோ” என்று நீட்டுவார்கள். பெயர் எழுதாத குளிசையைக் கையால் தொடாதீர்கள். ஸ்கானுக்குக் கூட்டிப்போக ஆள் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு வருடமாக ஒரே மாதிரி வந்து போகிற தலையிடிக்காகச் சங்கிலியை அடகு வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் நீட்டிச் சொல்கிறேன். எப்போதாவது நாட்கணக்கில் தூக்கமே வேண்டாமல், களைக்காமல், ஓயாமல் பேசி, கையிலிருந்த காசை எல்லாம் செலவழித்த காலம் இருந்ததா? உங்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும், வீட்டாரிடம் கேளுங்கள். தாய், சகோதரத்துக்கு இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் அது இருதுருவ மனநோயாக இருக்கலாம். அதுவும் ஒற்றைத் தலையிடிக்காரரிடம் கூடுதல்தான். அவர்களுக்கு மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். தலையிடிக்கும் இதற்கும் சேர்த்து வல்புரோயேற் என்ற மருந்தை எழுதினால், பிள்ளை பெறும் வயது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது கருவைப் பாதிக்கும்.

வாய்விட்டு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தலைக்கு ஒரு கிளினிக், மனதுக்கு வேறு கிளினிக்; இங்கே எழுதியதை அங்கே ஒருவரும் புரட்டுவதில்லை. விடியமுன் நம்பர் எடுத்துக் காத்திருந்தவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம். அதனால் இரண்டு கொப்பியையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். கலண்டரில் தலையிடித்த நாள், பனடோல் போட்ட நாள், அழுத நாள் மூன்றையும் குறித்துக் காட்டுங்கள். பனடோலைக் குறைக்கும்போது முதல் ஓரிரு கிழமை இடி கூடும். அதற்கு என்ன செய்வது என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கையின் மனநல உதவி இலக்கமான 1926க்கு உடனே எடுங்கள்.