ரிஃபாம்பிசின் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துமா?

சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் உங்கள் தாயார் தைராய்டு குறைபாட்டுக்கான ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் எடுத்துவருபவர் என்றும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கியபின் சிறுநீர் தயங்கித் தயங்கி வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மருந்து நேரடியாகத் தசையைத் தளர்த்துவதில்லை. கல்லீரல் நொதிகளைத் தூண்டித் தைராக்ஸினை விரைவாகச் சிதைக்கச் செய்வதால், அதுவரை போதுமாக இருந்த அளவே போதாமற்போய், தைராய்டு குறைவைக் காட்டும் இரத்த அளவான டி.எஸ்.எச். உயரக்கூடும். தைராய்டு குறைந்தால் குடல் மந்தமாகி மலச்சிக்கல் வருவதைப் போல, சிலருக்குச் சிறுநீர்ப்பைத் தசை சுருங்கும் வலுவும், பை நிறைந்த உணர்வும் குறைந்து, கழித்தபின்னும் சிறுநீர் மிஞ்சும். (சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மருந்தின் சாயமே; அதற்கு அஞ்ச வேண்டாம்.) காசநோய் மருந்தை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; கிளினிக்கில் டி.எஸ்.எச். பரிசோதனையும், எஞ்சிய சிறுநீரை அளக்கும் ஸ்கேனும் கேளுங்கள். தைராக்ஸினைக் கூட்டினால், வழக்கமான 6 மாதச் சிகிச்சை முடிந்தபின் அதை மீண்டும் குறைக்க நேரிடலாம். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.